சலாபம் பார்க்கப் போன ஓலைப்பெட்டி

பருத்தி எடுத்து முடிந்து, காட்டில் வேலை ஓய்ந்து கிடந்த மே மாதம். சென்னையிலிருந்து தங்கச்சி தன் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். "மாமா, எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்று அதுகள் நச்சரித்ததில் ஒரு வேன் பிடித்து தீம் பார்க்குக்குப் போனோம். எந்த ஊர், எந்தப் பார்க் என்பதெல்லாம் வேண்டாம். அநேக இடத்தில் இதே சட்டம்தான் என்று பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

ஒன்பது பேர். அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கே எழுந்து புளிச்சோறு கிளறி, பருப்புத் துவையல் அரைத்து, சின்னவனுக்கு மட்டும் தயிர்ச்சோறு தனியாகப் பிசைந்து, தூக்குச்சட்டியிலும் டிபன் கேரியரிலும் அடைத்து வைத்திருந்தாள். வாசலில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். "வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டோம்." காவலுக்கு நின்றவர் வயசானவர். பேச்சைக் கேட்டால் நம்ம பக்கத்து ஆள் மாதிரிதான் இருந்தது. அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு குரலைத் தாழ்த்தி, "அந்த வேப்பமரத்தடியில வச்சு சாப்பிட்டுட்டு வாங்க தாயி, நான் என்ன செய்ய" என்றார். காலை பத்தேகால் மணிக்கு, வேன் ஸ்டாண்டில், பசி இல்லாத ஒன்பது பேர் புளிச்சோறு சாப்பிட்டோம். மிச்சம் வேனிலேயே கிடந்தது.

உள்ளே தண்ணியில் ஆட்டம் போட்டால் பசிக்காமல் இருக்குமா? ரெண்டு மணிக்குப் பிள்ளைகள் வாடிப்போச்சு. சாம்பார் சோறு ஒரு தட்டு 190 ரூபாய். ஒன்பது தட்டு 1,710. எனக்கு இந்தக் கணக்கெல்லாம் பருத்தியில்தான் வரும். நான் கிலோ 60 ரூபாய்க்குப் போட்ட பருத்தியில் அது 28 கிலோவுக்கு மேல். ஒரு ஆள் முழுநாளும் குனிந்து எடுத்தாலும் எங்க காட்டில் அவ்வளவு வராது. ஒன்பதுக்குப் பதில் அஞ்சு தட்டு வாங்கி பங்கு வைத்தோம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது எல்லாரும் 190 ரூபாயைப் பற்றித்தான் பேசினார்கள். எங்க அய்யா மட்டும், "வாசல்ல நிக்க வச்சு பெட்டியத் தொறந்து பாத்தானா?" என்று கேட்டார். அவருக்கு இப்போது எழுபத்தேழு வயது. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "உங்க ஆச்சி இருந்தா அங்கனயே திரும்பியிருப்பா" என்றார். அப்புறம்தான் சலாபம் பார்க்கப் போன கதை முழுசாக வந்தது. துண்டு துண்டாக முன்பே கேட்டதுதான். முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

சலாபம் என்றால் டவுன்காரங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். முத்துக்குளிப்பு நடக்கிற காலத்துக்கும் அதற்காகக் கடற்கரையில் கூடுகிற கூட்டத்துக்கும் சேர்த்து எங்க பக்கம் அதுதான் பேர். தூத்துக்குடிக்கு எதிரே கடலுக்கடியில் பாறைத் திட்டுகள் உண்டு, 'பார்' என்பார்கள். தொள்ளாயிரம் பார் என்றே ஒரு பார் இருக்கிறது. அங்கேதான் முத்துச்சிப்பி ஒட்டி வளரும். வருஷா வருஷம் வளராது. சில சமயம் இருபது முப்பது வருஷம் பார் வெறுமனே கிடக்கும், திடீரென்று மண்டிவிடும். அதைப் பார்த்து அரசாங்கம் அறிவித்தால்தான் சலாபம். யார் அரசாங்கம் என்பதுதான் மாறிக்கொண்டே இருந்தது. பாண்டியன் காலத்தில் கொற்கை. 1530களில் போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1658இல் டச்சுக்காரர், 1825இல் நிரந்தரமாக இங்கிலீஷ்காரர். சிப்பிக்கு மட்டும் இது எதுவும் தெரியாது.

1290களில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே பாதி வரைக்கும் முத்துக்குளிப்பு நடக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். மீனைக் கட்டுகிற மந்திரக்காரர்களுக்கு இருபதில் ஒரு பங்கு, ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கும் கொடுக்கிறார். மந்திரக்காரருக்கு ராஜாவில் பாதி! அவர் விட்ட ஒன்றை 1560களில் சுற்றிய வெனிஸ் வியாபாரி சேசரே பெதரிச்சி பிடித்துக்கொண்டார். எந்த இடத்துக்கு நேரே சிப்பி அதிகமோ, அந்தக் கரையில் வீடுகளும் கடைவீதியுமாக ஒரு ஊரையே எழுப்புவார்கள், குளிப்பு முடிந்ததும் அந்த ஊரும் இருக்காது என்கிறார். யோசித்துப் பாருங்கள். ரெண்டு மாசத்துக்கு மட்டும் ஒரு ஊர். குளிக்கிறவர், கயிறு பிடிக்கிறவர், தரகர், முத்துச் சலிக்கிறவர், பணம் மாற்றுகிற செட்டி, சோறு விற்கிறவள், மந்திரக்காரன், வேடிக்கை பார்க்க வந்தவன். இன்றைக்கு ராட்டினம் சுற்றுகிற இடத்துக்கு நாம் போகிற மாதிரி அன்றைக்கு ஜனம் சலாபத்துக்குப் போனது. நாற்றம் மட்டும் கொஞ்சம் கூட. சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, சதை கரைந்த பிறகு கழுவித்தான் முத்து எடுப்பார்கள். அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் எல்லாரும் சாப்பிட்டார்கள்.

1920களின் கடைசிக்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் தூத்துக்குடியில் சலாபம் இல்லை. 1955இல் மறுபடி வந்தது. 1961 வரை நடந்தது. அதோடு சரி, அதற்கப்புறம் இன்றுவரை இல்லை. அந்தக் கடைசி ஏழு வருஷத்தில் ஒரு பங்குனியில்தான் எங்க தாத்தா குடும்பத்தை வண்டி கட்டிக் கூட்டிப்போனார். அய்யாவுக்கு அப்போது ஒன்பது வயது.

எங்க ஊர் ஒட்டப்பிடாரத்துக்கு அந்தப் பக்கம், கரிசல் காடு. பொழுது சாய்ந்து வண்டி பூட்டினால் புதியம்புத்தூர் வழியாக விடியும்போது தூத்துக்குடி உப்பளம் கண்ணில் தெரியும். ஆச்சி ரெண்டு நாளாகச் சோற்று வேலை பார்த்தாளாம். அன்றைக்கு எங்க வீட்டுச் சோறு கம்பும் சோளமும்தான். நெல்லுச்சோறு தீபாவளி, பொங்கல், கல்யாணம், இல்லாவிட்டால் இப்படி ஊர் போகிற நாளைக்கு. கம்பஞ்சோறு அன்றைக்கே நீர்விடும், பிரயாணத்துக்கு ஆகாது. அதனால் இரவல் வாங்கியாவது ரெண்டு படி அரிசி.

புளிச்சோறு கெடாமல் இருப்பதற்கு ஒரு நேக்கு உண்டு. இப்போது அம்மா செய்வதும் அதேதான். சோறு உதிரியாக வடித்து, ஓலைப்பாயில் கொட்டி நல்லா ஆறவிட வேண்டும். சூட்டோடு கட்டினால் வேர்த்து, வேர்த்த தண்ணியே கெடுத்துவிடும். புளிக்கரைசலைப் பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கிற வரைக்கும் காய்ச்ச வேண்டும். நல்லெண்ணெய் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. உப்பு ஒரு பிடி தூக்கலாக. ஈரக்கை படக்கூடாது, தேங்காய் சேரக்கூடாது. புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்த இடத்தில் கெடுக்கிற கிருமி சீக்கிரம் வளராது என்று இன்றைக்குப் படித்த பிள்ளைகள் சொல்லும். ஆச்சிக்குக் கிருமி தெரியாது, பதம் தெரியும். பனையோலைப் பெட்டிக்குள் வாட்டின வாழையிலை போட்டு, சோற்றை அமுக்காமல் நிரப்பி, மேலே ஒரு இலை, அதற்கு மேல் வெள்ளைத் துணி கட்டு. ஓலைப்பெட்டி மூச்சு விடும். எவர்சில்வர் பாத்திரம் விடாது. ரெண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் கொஞ்சம் முரட்டுத்தனமாகப் புளிக்கும், ஆனாலும் சாப்பிடலாம்.

துணைக்குக் காணத்துவையல். கொள்ளைத்தான் இங்கே காணம் என்போம். மண்குடத்தில் தண்ணீர், அதன் வாயில் ஈரத்துணி. கருப்பட்டி ஒரு வட்டு.

தூத்துக்குடி போய் வேடிக்கை பார்த்த கதையை அய்யா சொல்லும்போது அந்தக் கிழவர் முகம் ஒன்பது வயதாகிவிடும். காலையில் நில காற்றில் கடலுக்குள் போன பாய்மர வள்ளங்கள் மத்தியானத்துக்கு மேல் கடல் காற்றில் வரிசையாகத் திரும்பி வருமாம். கல்லைக் காலில் மாட்டிக் குதிக்கிறவர்களின் கண் மிளகாய்ப் பழமாட்டம் சிவந்து கிடக்கும். கரையில் சிப்பிகளைக் கூறு கூறாகப் பிரிப்பார்கள். அரசாங்கப் பங்கு ஏலத்துக்குப் போகும். குளித்தவர்களுக்குக் கூலி சிப்பிதான், வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு. அதை அவர்கள் அங்கேயே சில்லறையாக விற்பார்கள். இங்கேதான் தாத்தா விழுந்தார்.

திறக்காத சிப்பி. உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். லாட்டரிச் சீட்டுக்கு உப்புத்தண்ணி நாற்றம் அடித்தால் எப்படியோ அப்படி. கடையில் ஒருநேரமாவது பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கணும், வீட்டுக்குக் கருவாடு, உப்பு வாங்கணும் என்று மடியில் கட்டிக்கொண்டு வந்த காசில் பாதியை எடுத்து நாற்பது சிப்பி வாங்கிவிட்டார். ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லையாம். வண்டிக்கடியில் உட்கார்ந்து பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாக நெம்பித் திறந்தார்கள். ஊரே குனிந்து பார்த்தது. நாற்பதிலும் சேர்த்துக் கிடைத்தது கடுகு மாதிரி ரெண்டு தூள் முத்து. அதைப் பார்த்துக்கொண்டிருந்த வியாபாரி ஒருவர், "மருந்துக்கு அரைக்கத்தான் ஆகும்" என்று சொல்லி ஏதோ ஒரு காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். போட்ட காசில் எட்டில் ஒரு பங்குகூட வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்றாம் நாளுக்குச் சோறு காணாது என்ற நிலைமை. அப்போது ஆச்சி பெட்டியைக் கவிழ்த்து, அடி இலையையும் எடுத்தாளாம். அதற்கும் கீழே ஒரு துணிமுடிச்சில் வறுத்த கம்பு மாவும் கருப்பட்டியும் இடித்துப் பிடித்த உருண்டை, ஆளுக்கு ரெண்டு. "இந்த மனுசன் இப்படி ஏதாவது செய்வான்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். தாத்தாவுக்கும்தான்.

இதுவரைக்கும் அய்யா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அடுத்ததை வேகமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

திரும்புகிற வழியில் ஒரு கடைத்தெரு. கிளப் கடை வாசலில் எண்ணெய்ச் சட்டியில் சுசியம் மிதக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை நின்றுவிட்டது. தாத்தாவின் மடியில் அதற்குக் காசு இருந்தது. நாங்க எந்த ஆளுங்க என்று இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். உள்ளே பெஞ்சு எங்களுக்கு இல்லை. பின்பக்கமாகப் போய் நின்றால் இலையில் வைத்து எட்ட இருந்து போடுவார்கள். டீ என்றால் அதற்குத் தனிக் கிளாஸ், சில இடத்தில் கொட்டாங்குச்சி. தாத்தா பின்பக்கம் போகத் தயாராகத்தான் இருந்தார், பிள்ளை கேட்கிறானே என்று. ஆச்சி வண்டியிலிருந்து இறங்கி வந்து அய்யா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். "நம்ம பெட்டியில இல்லாதது உனக்கு எதுக்குலே?" பிள்ளை ஊர் வந்து சேர்கிற வரைக்கும் அழுதது.

தீண்டாமை குற்றம் என்று நாட்டில் சட்டம் வந்தது 1955 ஜூன் 1. கடை, சத்திரம், கிணறு எல்லாம் அந்தச் சட்டத்தில் உண்டு. சலாபம் மறுபடி தொடங்கியதும் அதே 1955தான். சட்டம் டெல்லியிலிருந்து அந்தக் கடைத்தெருவுக்கு வந்துசேர எத்தனை வருஷம் ஆச்சு என்று என்னைக் கேட்காதீர்கள், அய்யாவைக் கேளுங்கள்.

கட்டுச்சோறு என்றால் இன்றைக்கு யூடியூப்பில் 'பாரம்பரிய சிக்கனம்' என்கிறார்கள். சிக்கனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாதி சனத்துக்கு அது வேறொரு காரியம். ராணி மங்கம்மாள் 1690களில் சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள் என்று படிக்கிறோம். கயத்தாறு பக்கம் இன்றைக்கும் மங்கம்மாள் சாலை என்று கை காட்டுவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் காலத்துச் சத்திரங்களில் சாதிப்படிதான் வரவேற்பு. பிராமணருக்குச் சமைத்த சாப்பாடு போட்ட பல சத்திரங்களில் மற்றவர்களுக்கு அரிசி பருப்பு அளந்து கொடுத்து, வெளியே சமைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிலருக்குத் திண்ணைகூடக் கிடையாது. வழியில் யாரும் யாரையும் கேட்காமல் கொடுத்தது சுமைதாங்கிக் கல் ஒன்றுதான். பிள்ளைத்தாச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்ட கல். தலைச்சுமையை இறக்கி வைக்க அது யாரையும் சாதி கேட்டதில்லை.

இதைப் புரிந்துகொண்டு முதலில் வழி பண்ணிக்கொண்டவர்கள் நாடார் வியாபாரிகள். தென்பக்கத்திலிருந்து கருப்பட்டியும் கருவாடும் உப்பும் வண்டியில் ஏற்றி வடக்கே போவார்கள். போகிற ஊரில் தங்க இடம் கிடையாது, கோயிலுக்குள் விட மாட்டார்கள். ஆகவே சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை மாதிரி ஊர்களில் 'பேட்டை' போட்டார்கள். சுற்றிலும் மதில், உள்ளே கிணறு, மாடு கட்ட இடம், அடுப்புக் கூட்டிச் சமைக்க இடம். வருகிற சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்து அந்தப் பணத்தில் நடத்தினார்கள். அந்த மகமையில்தான் பின்னால் பள்ளிக்கூடங்களும் வந்தன. ஒரு சமூகம் எழுந்து வந்த கதையை எல்லாரும் கடையிலிருந்து ஆரம்பிப்பார்கள். எனக்கு அது அந்தப் பேட்டை அடுப்பிலிருந்து ஆரம்பித்ததாகத் தோன்றும். எங்க ஆட்களுக்குப் பேட்டை இல்லை. ஓலைப்பெட்டிதான்.

ரயில் வந்தால் மாறும் என்று நினைத்தார்கள். தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876. சென்னையிலிருந்து மெயிலில் வந்து, இங்கே இறங்கி, கப்பலேறிக் கொழும்பு போவார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து வண்டி தனுஷ்கோடிக்குப் போகிற வரைக்கும் அதுதான் வழி. பெட்டிக்குள் எல்லாரும் ஒன்றாகத்தான் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஸ்டேஷனில் இறங்கிச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போனால் பிராமணர்களுக்குத் தனி இடம். பெரியார் கட்சிக்காரர்கள் சத்தம் போட்டுச் சத்தம் போட்டு அந்தப் பிரிவினை போனது 1941இல். ஓட்டல் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957இல்கூட திருவல்லிக்கேணியில் மறியல் நடந்தது. சலாபம் நடந்த வருஷங்கள்தானே அவை.

அதே வருஷங்களில் எங்க கரிசலில் இன்னொன்றும் நடந்தது. 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் பள்ளிக்கூட மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பாரதி பிறந்த ஊர். எங்க ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லை. அய்யா படித்த பள்ளிக்கூடத்துக்கும் அது வந்தது. முதல் நாள் வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தது பெரிய வீட்டுப் பையன். ஒரே சட்டியிலிருந்து ஒரே கரண்டி. அந்தப் பையனுடைய அம்மா மறுநாளிலிருந்து வீட்டுச்சோறு கொடுத்துவிட்டாளாம். ஒரு மாசம் கழித்து அவனாகவே வந்து வரிசையில் உட்கார்ந்துகொண்டான். "அவனுக்கு வீட்டுச் சோத்த விட அங்கன சுத்தி இருந்த சிரிப்புதாம்லே பிடிச்சிருந்தது" என்பார் அய்யா. அவர்கள் ரெண்டு பேரும் இன்றைக்கும் சிநேகிதம். நேற்றுகூட அந்தக் கிழவர் வந்து கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டுப் போனார்.

இப்போது இந்தக் கரையில் குறைந்த செலவில் குடும்பத்தோடு சாப்பிட ஏகப்பட்ட வழி இருக்கிறது. திருச்செந்தூர் கோயிலில் 2022இலிருந்து நாள் முழுக்க அன்னதானம். யாரும் எதுவும் கேட்பதில்லை, வரிசையில் நின்றால் இலை. தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழா, ஜூலை 26 தொடங்கி ஆகஸ்ட் 5 வரைக்கும், எல்லாச் சாதி சனமும் வரும். கட்டுச்சோற்றோடு வந்து கோயிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற குடும்பங்களை அங்கே சாயங்காலம் பார்க்கலாம். குலசேகரன்பட்டினம் தசராவில் வேஷம் போட்டு வருகிறவர்களுக்கு வழியிலுள்ள ஊர்க்காரர்களே சோறு போடுவார்கள். ராத்திரியானால் தூத்துக்குடியில் 'நைட் கிளப்'. வெளியூர்க்காரர்கள் பேரைக் கேட்டு ஒரு மாதிரி பார்ப்பார்கள். வேறொன்றுமில்லை, பரோட்டாக் கடைதான்! கிளப் கடை என்ற பழைய பேரில் ராத்திரி ஒட்டிக்கொண்டது. நாலு பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு சால்னாவை ஊற்றினால் ரெண்டு பேர் வயிறு நிறையும். போகிற வழியில் ஆத்தூர் வெற்றிலை, உடன்குடிக் கருப்பட்டி. தண்ணீருக்குத் தவித்துக் கிடந்த தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து குடிநீர் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்து நகராட்சித் தலைவராக இருந்த காலத்தை இன்றும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்கள்.

தீம் பார்க் வாசலுக்கு வருகிறேன். பிள்ளைகள் சொன்னதன் பேரில் தேடிப் படித்தேன். கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்ததும் 1955 ஜூலையில். அங்கேயும் வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கு மதிலுக்கு வெளியே ஒரு இடம் ஒதுக்கிவிட்டிருந்தார்கள், நாங்க உட்கார்ந்த வேப்பமரத்தடி மாதிரி. இன்றைக்கு அதே டிஸ்னிலேண்டில் வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள். கண்ணாடிப் பாட்டில், மது மாதிரி சிலது மட்டும் கூடாது. நம்ம நாட்டில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சினிமாத் தியேட்டர் வழக்கு ஒன்றில், வெளிச் சாப்பாட்டைத் தடுக்க முதலாளிக்கு உரிமை உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. இடம் அவர்களுடையது, விதி போடுகிறார்கள். சட்டப்படி சரியாக இருக்கலாம்.

அந்தக் கிளப் கடை வாசலும் இந்தத் தீம் பார்க் வாசலும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் ஆச்சிக்கு அவமரியாதை. இங்கே காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், ஒரே தட்டு, ஒரே கரண்டி. அது சின்ன விஷயமில்லை. என் மகளுக்கு அந்த பெஞ்சில் உட்கார்வது ஒரு சங்கதியே இல்லை, அதை நினைத்து எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் அம்மா அந்தத் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு வேப்பமரத்துக்கு நடந்தபோது அவள் முதுகை நான் பின்னாலிருந்து பார்த்தேன். காசு இல்லாதவனுக்கு உள்ளே பசிக்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு விதி அது. 190 ரூபாய் கொடுக்க முடியாத குடும்பம் அன்றைக்கு எங்களோடு அந்த மரத்தடியில் இன்னும் மூன்று இருந்தது. ஒரு வீட்டில் இட்லிக்கு எண்ணெய்ப் பொடி தடவிக் கொண்டுவந்திருந்தார்கள். எங்க புளிச்சோற்றுக்கு அது மாற்றாகக் கைமாறியது. அந்தப் பார்க்கில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று தங்கச்சி கேட்டதற்குச் சின்னவன், "வெளிய சாப்பிட்ட இட்லி" என்றான்.

ஆவணித் திருவிழாவுக்கு தங்கச்சி பிள்ளைகள் மறுபடி வருகிறார்கள். இந்தத் தடவை திருச்செந்தூர்தான் என்று முடிவாகிவிட்டது. நாழிக்கிணற்றில் குளித்து, கடலில் ஆடி, கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். புதியம்புத்தூர்ச் சந்தையில் ஓலைப்பெட்டி கிடைக்கவில்லை, உடன்குடிப் பக்கம் பனையேறிக் குடும்பம் ஒன்றில் சொல்லி முடைந்து வாங்கியிருக்கிறேன். அம்மா அதைத் தண்ணீரில் நனைத்து நிழலில் காயப்போட்டிருக்கிறாள்.

அய்யாவையும் வரச் சொல்லியிருக்கிறோம். முட்டுவலி, வேனில் ஏறுவது கஷ்டம் என்று இழுத்துக்கொண்டிருந்தார். நேற்று ராத்திரி கூப்பிட்டு, "போற வழியில அந்தக் கடைத்தெரு வழியாத்தான போவிய? அங்கன சுசியம் போடுதானான்னு பாருங்க" என்றார். நான் சரி என்றேன். வேனை நிறுத்தி அவரையும் இறக்கிக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார வைக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா கம்பு மாவு உருண்டையும் பிடிக்கப் போகிறாளாம்.